எலிக்கூண்டில் வைத்த குருவி

சனிக்கிழமை சாயங்காலம் நாலே கால் மணிக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. இத்தனை வருஷம் கழித்து மணி எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். நத்தத்திலிருந்து வந்த பஸ் எங்களை இறக்கிவிட்டபோது மணிக்கூண்டில் நாலு அடித்தது. அங்கிருந்து வீட்டுக்கு, கையில் பலகாரத் தூக்குடன், அம்மாவின் நடைக்குக் கால் மணி நேரம். அப்பா பூட்டைத் திறந்தார். அம்மா முதலில் உள்ளே போனாள். முற்றத்துச் சுவரில் மாட்டியிருந்த குருவிக் கூண்டைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, கொல்றான்டா!" என்று கத்தினாள்.

நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். நான் ஆறாம் வகுப்பு. நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் ஒரு கிளியோ நாலு புறாவோ இருந்திருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு ஜோடி சீமைக் குருவி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் மூக்கு செக்கச்செவேல் என்று இருக்கும். பெண் முழுக்கச் சாம்பல் நிறம். ஆணுக்குக் கன்னத்தில் செங்கல் பொடியை ஒற்றி எடுத்ததுபோல ஒரு வட்டம், தொண்டைக்குக் கீழே கறுப்பு வரிகள். திருவிழாவில் வாங்கிய ரப்பர் ஊதலை யாரோ தெரியாமல் மிதித்துவிட்டால் என்ன சத்தம் வருமோ, அதுதான் அவற்றின் குரல்.

அவற்றைக் கொடுத்தவர் கார்டு மாமா. சரக்கு ரயிலில் கார்டு வேலை பார்த்தவர், சொந்த மாமா அல்ல. எங்கள் தெரு முடிகிற இடத்தில் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தபோது, கட்டில் பீரோவோடு குருவியையும் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். தேயிலைப் பெட்டியில் கம்பிவலை அடித்துச் செய்த கூண்டு, படுக்கைவாட்டில் கட்டிய ஒரு சின்ன மண் கலயம், ஒரு படி தினை. இவ்வளவும் எனக்கு வந்தது. போகிற அவசரத்தில் அவர் சொன்னது இரண்டே விஷயம்.

"காலையில எந்திரிச்சதும் தீனிக் கிண்ணத்தை வாயால ஊதணும் அப்பு. குருவி தினையை உரிச்சுப் பருப்பை மட்டும் திங்கும். உமி கிண்ணத்துலயே கிடக்கும். உமியைப் பார்த்துட்டுத் தீனி நிறைய இருக்குன்னு இருந்துடாத. இன்னொண்ணு, முட்டை வச்சா கலயத்தைத் தொடாத. குஞ்சு பொரிச்சா ஒரு கடுதாசி போடு, மிச்சத்தை வந்து சொல்றேன்."

அந்த மிச்சத்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா?

முட்டை வைத்தன. பொரித்தன. அப்பாவின் சவரக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் கலயத்துக்குள் எண்ணினேன். நாலு. அன்றைக்கே அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். "நாலு குஞ்சுகள், நலம்" என்று பெரிய எழுத்தில். பத்துப் பதினைந்து நாள் கழித்து, பெரியம்மா பேரனுக்குக் காதுகுத்து என்று நத்தம் போனோம். மூன்று நாள். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டி, கூண்டின் அடித்தட்டுச் சந்து வழியாகக் கையை விட்டுத் தண்ணீரும் தினையும் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளில் குஞ்சுகள் கலயத்தை விட்டு வெளியே வந்துவிட்டன. அவை வெளியே வந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தது நாலே கால் மணிக்கு அம்மா பார்த்ததைத்தான்.

நாலு குஞ்சுகள் குச்சியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வால் இன்னும் முளைக்காத, கறுத்த மூக்குக் குஞ்சுகள். ஓரத்துக் குஞ்சின் வாய்க்குள் ஆண் தன் மூக்கை முழுசாகச் செருகி, தலையை வெடுக்கு வெடுக்கென்று உலுக்கிக்கொண்டிருந்தது. குஞ்சு கழுத்தை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு கீச்சென்று கத்தியது. இன்னொரு குஞ்சின் முதுகில் இறகு பிடுங்கிய ஒரு ரோஸ் நிறச் சொட்டை. பெண் குருவியைக் காணோம். அது மறுபடி முட்டை வைத்துக் கலயத்துக்குள் உட்கார்ந்திருந்தது. வால் மட்டும் வெளியே தெரிந்தது.

"கொத்தித் தள்ளுறான் பாரு பாவி. முதுகை உரிச்சுப்புட்டான். ஏலே, அவனைப் பிடிச்சு வெளியே எடு."

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சாணார்பட்டிப் பக்கம். கோழிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் யார் வீட்டில் அடை வைத்தாலும் அம்மாவைக் கூப்பிட்டு முட்டையை வெயிலில் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். கூ முட்டை எது, கரு முட்டை எது என்று அவள் சொன்னால் தப்பாது. குஞ்சு சீக்குக்கு மஞ்சளும் சின்ன வெங்காயமும் எந்த அளவு என்று விரலைக் காட்டியே சொல்லுவாள். ஆகவே இறகு முளைத்த எதைப் பற்றியும் எங்கள் வீட்டில் அம்மா சொன்னதுதான் முடிவு.

அப்பா சுருட்டுக் கம்பெனியில் கணக்கப்பிள்ளை. சட்டையைக் கழற்றினாலும் உடம்பில் புகையிலை வாசம் போகாது. அவர் கூண்டுக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"கொத்துற மாதிரித் தெரியலையே. வாய்க்குள்ள விட்டு என்னமோ..."

"என்னமோன்னா? சேவல் எங்கயாச்சும் குஞ்சுக்கு இரை குடுத்துப் பாத்திருக்கீகளா? அதுக்கு வேலை கொண்டையை ஆட்டிக்கிட்டுத் திரியறது. குஞ்சு வளக்கறது பொட்டை. நீங்க என்ன, சேவலுக்குச் சேவல் வக்காலத்தா?"

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் களுக்கென்று சிரித்தாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அவர் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம்.

வேறு கூண்டு ஏது? பரணில் கிடந்த எலிக்கூண்டைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, ஆண் குருவியை அதற்குள் விட்டோம். கருவாட்டுத் துண்டு மாட்டுகிற கொக்கி நடுவில் தொங்க, அதற்குக் கீழே அது உட்கார்ந்தது. எதிர்ச் சுவர் ஆணியில் மாட்டினோம். அம்மா திருப்தியாகக் கை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சத்தம். ஆண் எலிக்கூண்டின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஊதல் சத்தம் போட்டது. நாலு குஞ்சுகளும் வலையில் அந்தப் பக்கமாகவே அப்பிக்கொண்டு பதில் கொடுத்தன. இப்போது நினைத்தால், இதைவிடத் தெளிவாக அவை எப்படிச் சொல்ல முடியும்? அம்மா சொன்னாள்: "பாரு, இன்னும் திமிர் அடங்கல. குஞ்சுக பயந்து கத்துது." அப்பாவின் பழைய துண்டு ஒன்றை எலிக்கூண்டின்மேல் போட்டு மூடினாள்.

எனக்கு மட்டும் என்னவோ சரியில்லை என்று பட்டது. மத்தியானம் ஸ்டேஷனுக்கு நடந்து போனேன். யார்டில் சிக்னல் கேபின்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கார்டு மாமாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றேன்.

"யாருக்கு என்னடா? வீட்ல யாருக்கும் முடியலையா?"

"குருவிக்கு."

"குருவிக்கா!" அவர் எழுந்து நின்று ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, சிக்னல் போட்டு வண்டியை நிறுத்தட்டுமா? தந்தி அடிக்கட்டுமா?"

சிரித்து முடித்தபின், நான் நகராமல் நின்றதைப் பார்த்தோ என்னவோ, கேட்டார். "சரி, என்னன்னு சொல்லணும்?"

"குஞ்சு வெளியே வந்துருச்சு, உடனே வரச் சொல்லுங்க."

வடக்கே போகிற சரக்கு வண்டி கார்டிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

திங்கட்கிழமை காலையில் இரண்டு கூண்டுக் கிண்ணங்களையும் எடுத்து ஊதினேன். எலிக்கூண்டுக் கிண்ணத்திலிருந்து கொட்டாங்கச்சி நிறைய உமி பறந்தது. பெரிய கூண்டுக் கிண்ணத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே இருந்தது ஒரே குருவி. இங்கே தாயோடு சேர்த்து ஐந்து. மறுபடி ஊதினேன். தினைதான் கண்ணில் அடித்தது.

அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, குஞ்சு எதுவும் திங்கல. ஒரு குருவி உமிதான் இருக்கு."

"அதான் கிண்ணத்தைக் கொத்திக்கிட்டே இருக்கே, கண்ணு தெரியல?"

"கொத்துது. உரிக்கல. உரிச்சா உமி விழணும்ல?"

"கோழிக்குஞ்சு உரிச்சா திங்குது? சின்னதுக உமியோட முழுங்கும். பொரிச்ச அன்னைக்கே குருணை பொறுக்கும். நீ ஸ்கூலுக்குக் கிளம்பு, மணியாச்சு."

எனக்குத் தெரிந்தது உமி ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்ததோ நூறு கோழி. மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது ஒரு குஞ்சு கூண்டின் அடியில் விறைத்துக் கிடந்தது. முதுகில் சொட்டை விழுந்த குஞ்சு. "கொத்துன புண்ணு உள்ளுக்குள்ள புரையோடிருச்சு. முந்தாநாளே அவனை எடுத்தது நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா. அதன் இறப்பும் அவள் பக்கத்துச் சாட்சி ஆனது. முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

அன்று சாயங்காலம் இன்னொன்று தலையைத் தொங்கப் போட்டது. அப்பா கொண்டுவந்த சுருட்டுப் பெட்டியில் பஞ்சு வைத்து அதைப் படுக்க வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். டாக்டர் கிளம்பிவிட்டார். கம்பவுண்டர் ஒரு காளையின் வாயில் மூங்கில் குழாயை வைத்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"இதுக்கு எங்கடா ஊசி போடுறது? ஊசியே இதைவிடப் பெருசு." காளைக்காரரும் சிரித்தார். பிறகு கம்பவுண்டர் குஞ்சின் கழுத்துக்குக் கீழே சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். "இரைப்பை காலியாக் கிடக்கு. என்ன குடுக்கறே?"

"தினை."

"பெறகென்ன, நல்ல தீனிதான். குடு, நிறையக் குடு."

காலியாகக் கிடக்கிறது என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். வழியிலேயே பெட்டிக்குள் அசைவு நின்றுவிட்டது.

அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். அன்று விளக்கு வைத்தபின் அவளே கேழ்வரகுக் கூழை விரல் நுனியில் தொட்டு, மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளின் மூக்கில் தடவிப் பார்த்தாள். நோஞ்சான் கோழிக்குஞ்சுக்கு அப்படித்தான் கொடுப்பாள், அதுவும் நக்கி விழுங்கும். இவை வாயைத் திறக்கவில்லை. கூழ் மூக்கில் காய்ந்துபோனது. "தின்னு சாமி, தின்னு" என்று அவள் கெஞ்சியதை நான் பார்த்தேன். தாய்க்குருவி எப்போதாவது கலயத்தை விட்டு இறங்கும். ஒரு குஞ்சின் வாயில் அரைகுறையாக ஏதோ கொடுக்கும், அவசரமாக முட்டைக்கே திரும்பிவிடும். "பாத்தியா, தாய் குடுக்குது" என்றாள் அம்மா. தாய் வாய்க்குள் மூக்கை விட்டால் கொடுப்பது, தகப்பன் விட்டால் கொத்துவது. அந்தக் கணக்கு எங்கள் மூன்று பேருக்குமே உறைக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். தண்ணீர் வருகிற நாள், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். துண்டை விலக்கி, எலிக்கூண்டிலிருந்து ஆணைப் பிடித்துப் பெரிய கூண்டுக்குள் விட்டேன். அது குச்சியில்கூட உட்காரவில்லை. நேராகக் கிட்டே இருந்த குஞ்சின்மேல் பாய்ந்தது. குஞ்சு பம்மி, கழுத்தை முறுக்கி, இரண்டு நாளாக இல்லாத ஒரு கத்தல் கத்தியது. ஆண் மூக்கைத் தொண்டைக்குள் இறக்கி உலுக்கியது. இன்னொரு குஞ்சு சிறகை அடித்துக்கொண்டு குறுக்கே வந்து விழுந்தது. ஒரே அமளி. கொல்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா சொல்லிக்கொடுத்த கண்ணால்தானே நான் பார்த்தேன். கையை விட்டு அதைப் பிடித்து இழுத்தேன். வால் இறகு ஒன்று என் விரலோடு வந்துவிட்டது. மறுபடி எலிக்கூண்டுக்குள் திணித்து, துண்டைப் போட்டு மூடினேன்.

அந்த இறகைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன். நோட்டு எப்போது போயிற்றோ, அதோடு இறகும் போயிற்று.

அன்று சாயங்காலம் மூன்றாவது குஞ்சு போயிற்று. காலையில் குறுக்கே வந்து விழுந்ததே, அது. அப்பா வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் எலிக்கூண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துண்டைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"செத்த நேரம் திறந்துதான் விட்டுப் பாப்போமே."

அடுப்படியில் இருந்த அம்மா இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. அப்பாவின் கை எலிக்கூண்டின் கதவில் இருந்தது. பதில் சொன்னது நான்.

"வேணாம்ப்பா. கொத்துதுப்பா. காலையில நானே என் கண்ணால பாத்தேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பொய் சொல்லாத பிள்ளை. கையை எடுத்துவிட்டார்.

என் மகன் வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்ந்து பதினொரு நாள் ஆகிறது. தினமும் போன் பூத்துக்குப் போய் நிற்கிறேன். "சாப்பிட்டேன்ப்பா" என்கிறான். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, யாரோடு என்று கேட்டால் அவனுக்குக் கோபம். "பதினெட்டு வயசுப் பையனை விடுங்க, அவனே பாத்துப்பான்" என்கிறாள் மனைவி. அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். பிரித்துவிட ஒரு நாள் உண்டு என்று எனக்கும் தெரியும். அந்த நாள் எது என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கிண்ணத்தைக் கொத்துவதற்கும் தின்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் போனில் எப்படி ஊதிப் பார்ப்பது? பூத்துக்காரர் மீட்டரைப் பார்க்கிறார், நான் மறுபடி "சாப்பிட்டியா?" என்கிறேன்.

புதன்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவும் போகச் சொல்லவில்லை. ஒற்றைக் குஞ்சு கூண்டின் அடியில் காகிதத்தின்மேல் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் காலை ஆண் பாய்ந்து வாய்க்குள் மூக்கை விட்ட அதே குஞ்சு. அதுமட்டும் ஏன் மிச்சம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்காத நாள் இல்லை. அதற்குக் கிடைத்தது ஒரு வாய். நான் இழுக்காமல் இருந்திருந்தால் அடுத்த வாய் யாருக்குப் போயிருக்கும்?

பத்து மணி வாக்கில் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கார்டு மாமா. வெள்ளைக் கால்சட்டையில் கரி, ஒரு கையில் தகரப்பெட்டி, கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடி. கேபின்காரர் சொல்லித்தான் விட்டிருக்கிறார்.

"எங்க அப்பு நம்ம பிள்ளைக?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், முதலில் துண்டு போட்ட எலிக்கூண்டைத்தான் பார்த்தார். துண்டைத் தூக்கினார்.

"இவனை எதுக்கும்மா இதுல வச்சிருக்கீங்க?"

"கொத்துறான்ணே" என்றாள் அம்மா. "குஞ்சுகளைக் கொத்திக் கொத்தி... முதுகை உரிச்சு... அதான் நாங்க..."

அவர் எலிக்கூண்டை ஆணியிலிருந்து எடுத்து, அதன் வாயைப் பெரிய கூண்டின் கதவோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் திறந்தார். ஆண் உள்ளே போயிற்று. கிண்ணத்துக்குப் போய் விறுவிறுவென்று தினையை உரித்தது. பிறகு கீழே இறங்கிக் குஞ்சிடம் போயிற்று. குஞ்சு கழுத்தை முறுக்கி வாயைத் திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறந்து பாரு அப்பு. கழுத்தைப் பாரு."

பார்த்தேன். ஆண் உலுக்க உலுக்க, குஞ்சின் கழுத்தோரம், அந்த மெல்லிய தோலுக்கு அடியில், தினைப் பருப்பு ஒவ்வொன்றாக வெள்ளையாக இறங்கி நிறைந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஊட்டுறான் தங்கச்சி. பொட்டை அடுத்த அடைக்கு உக்காந்துட்டா, வெளியே வந்த பிள்ளைகளுக்கு இவன்தான் ஊட்டுவான். இன்னும் ரெண்டு வாரம் ஊட்டணும். கலயத்துல மெத்தைக்குப் பஞ்சு இல்லாட்டி முதுகுல ரெண்டு இறகு பிடுங்குவான், அதுக்குக் கொஞ்சம் தேங்காய் நார் போட்டாப் போதும். பிள்ளைக தானா உரிக்கப் பழகுன பெறகு அவனே விரட்டுவான். அன்னைக்குத்தான் பிரிக்கணும்."

சொல்லிக்கொண்டே கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். கலயத்துக்குப் பின்னால் பார்த்தார். காகிதத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து என் அஞ்சலட்டையை எடுத்துப் பிரியமாக ஒருமுறை படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலுன்னு எழுதியிருந்தியே அப்பு. மத்தது மூணும் எங்க?"